சனிக்கிழமை கேசட்

தொண்ணூற்றொன்றில் எனக்குப் பிடித்த பாட்டு எதுவும் என்னைச் சுற்றியிருந்த ஒருவருக்கும் பிடிக்கவில்லை. பிடிக்காததுகூடப் பரவாயில்லை, யாரும் முழுசாகக் கேட்டதே இல்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை. நான் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து, ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் பெங்களூர் ரோட்டில் இருந்த ஒரு கேபிள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சுருள் சுருளாக வரும் கம்பிக்குள் மின்சாரத்தை விட்டு, மேலே போர்த்திய ரப்பரில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. குன்றத்தூரில் ஒரு வீட்டின் மொட்டை மாடியில் ஒற்றை அறை. ஒரு பாய், ஒரு ஸ்டவ், ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன். மூன்றில் டூ-இன்-ஒன்னுக்குத்தான் மரியாதை. பாய் கிழிந்தபோதுகூட நான் கவலைப்படவில்லை, டூ-இன்-ஒன் மேல் தூசி விழாமல் ஒரு டர்க்கித் துண்டு போர்த்தி வைத்திருந்தேன்.

அந்த வருஷம் மே மாதம் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர் உலகத்துக்கே தெரிந்துபோனதையும், ஏன் தெரிந்தது என்பதையும் நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அதனால் வந்த கஷ்டம் ரொம்பச் சின்னது. தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த வெளியூர்ப் பையன்களை எல்லோரும் ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள். என் தெற்கத்திப் பேச்சும், ஜன்னலுக்கு வெளியே நீட்டி வைத்திருந்த ஏரியலும் சேர்ந்து வீட்டுக்காரரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

ஒருநாள் மேலே ஏறி வந்து, "அந்தக் குச்சியைக் கொஞ்சம் உள்ள மடக்கி வெச்சிக்கப்பா. பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?" என்றார்.

"பாட்டுதான் கேக்கேன்," என்றேன்.

"பாட்டு கேக்கறதுக்கு இங்க மெட்ராஸ் ஸ்டேஷனே கீதே," என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. மெட்ராஸ் ஸ்டேஷனில் சினிமாப் பாட்டு போட்டார்கள். எனக்கோ சினிமாப் பாட்டு என்றால் அப்போது மூக்குக்கு மேல் கோபம் வரும். டீக்கடையில், முடிவெட்டும் கடையில், கல்யாணத்தில், காது குத்தலில் எல்லாம் அதேதான். ஊரே ஒரே பாட்டைக் கேட்டால் அதில் எனக்கென்று என்ன மிச்சம் இருக்கும் என்று நினைக்கிற வயசு.

நான் பிடித்து வைத்திருந்தவை வேறு. மெட்ராஸ் கல்லூரிப் பையன்கள் நாலு பேர் தாங்களே எழுதி, கிதார் வாசித்துப் பாடி, தாங்களே கேசட்டில் பதிந்து நண்பர்களுக்குக் கொடுத்த இங்கிலீஷ் பாட்டு ஒன்று. அது கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தபோது மழைக்குள்ளிருந்து பாடுவது போல ஆகியிருந்தது. இன்னொன்று சிற்றலையில் பிடித்தது. எந்த நாடு, எந்த மொழி, ஒன்றும் தெரியாது. ஒரு பெண் பாடினாள். நடுவில் காற்றடிப்பது போல இரைச்சல் வந்து அவளைக் கொண்டுபோய்விடும், கொஞ்ச நேரத்தில் திருப்பிக் கொண்டு வந்து விடும். அந்தப் பாட்டை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. கேட்டு முடித்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கும். அறையில் சுவர்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, கடையில் போய்த் தீப்பெட்டி கேட்கும்போது குரல் கரகரவென்று வரும்.

கம்பெனி பஸ் குன்றத்தூரிலிருந்து கிளம்பி, இருங்காட்டுக்கோட்டை வழியாகப் பெங்களூர் ரோட்டைப் பிடித்துப் போகும். முன்பக்கம் பெண்கள், பின்பக்கம் நாங்கள். டிரைவர் தலைக்கு மேல் ஒரு டேப் ரிக்கார்டரைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார். வெள்ளிக்கிழமைவரை அவர் வைத்ததுதான் பாட்டு. சனிக்கிழமை மட்டும் யார் வேண்டுமானாலும் கேசட் கொடுக்கலாம். இதை எவர் எப்போது ஆரம்பித்தார் என்று தெரியாது, ஆனால் பஸ்ஸில் எல்லோரும் இதைச் சட்டம் போலக் காப்பாற்றினார்கள். கல்யாணம் நிச்சயமானவன் கொண்டு வந்தால் காதல் பாட்டு என்று கேலி. பக்திப் பாட்டு கொண்டு வந்த சூப்பர்வைசரை மறைவாக 'ஐயரே' என்று கூப்பிட்டார்கள், அவர் ஐயர் இல்லை. கேசட் கொடுத்தவன் அன்றைக்கு ஒரு நாள் பஸ்ஸின் மாப்பிள்ளை. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், பேசுவார்கள். எனக்கு அது வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், பாட்டுக்காகப் பாதி, அந்தத் திரும்பிப் பார்த்தலுக்காகப் பாதி.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை கல்லூரிப் பையன்களின் கேசட்டைக் கொடுத்தேன். முதல் பாட்டு முடிவதற்குள் பின் சீட்டில் ஒருவன், "அண்ணே, டேப்பு ஹெட்ட கிளீன் பண்ணு, கொயகொயனு கீது," என்றான். பஸ்ஸே சிரித்தது. டிரைவர் கேசட்டை எடுத்து ஊதிப் பார்த்து, தன் சட்டையில் துடைத்து, என்னைக் கண்ணாடியில் பார்த்து, "நாரோயிலு, இது பாட்டாபா? எவனோ பல்லு வலியில கத்தற மாதிரி கீது," என்று சொல்லி, தன் வழக்கமான கேசட்டைச் செருகினார். நான் ஏரிக்கரைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். உங்களுக்கெல்லாம் ரசனை எங்கிருந்து வரும் என்று மனசுக்குள் ஊரோடு சேர்த்துத் திட்டினேன். மறுவாரம் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேலிகூடச் செய்யவில்லை. அதுதான் அன்றைய சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

ஆவணி பிறந்த பிறகு ஒருநாள், முதல் ஷிப்ட் முடிந்து வந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் உலை வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தெருப் பக்கமிருந்து ஒரு பாட்டு வந்தது. மாடி ஓரமாகப் போய்ப் பார்த்தால் அங்கே தென்னங்கீற்றுப் பந்தல், நாற்காலிகள், ஆண்கள் கூட்டம். ஒரு டோலக், தந்தி அதிரும் ஒரு புல்புல்தாரா, யாரோ பெஞ்சில் விரலால் போடும் தாளம், அதன் மேல் ஒரு ஆள் பாடினான். அந்தக் குரலை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பாடுகிறானா பேசுகிறானா என்று தெரியாமல் ஆரம்பித்து, அடியின் கடைசியில் சட்டென்று மேலே ஏறி, அங்கேயே நின்று எல்லோரையும் காக்க வைத்துவிட்டு இறங்குவான். கூட்டம் நடுநடுவே கைதட்டியது, சிரித்தது. சினிமாவில் இல்லாத, ரேடியோவில் வராத பாட்டு, என் சொந்தத் தமிழில், கூப்பிடு தூரத்தில்! கானா என்ற சொல்லே எனக்கு அப்போது தெரியாது. எங்கள் ஊரில் இப்படிப் பந்தல் போட்டு, சிரித்து, கைதட்டிப் பாடினால் அது கல்யாணத்துக்கு முந்தின நாள், இல்லாவிட்டால் கோயில் கொடைத் திருவிழா. டூ-இன்-ஒன்னைத் தூக்கிக்கொண்டு வந்து மாடிச் சுவரில் வைத்துப் பதிவு செய்தேன். நடுவில் கீழ் வீட்டு குக்கர் விசில் இரண்டு முறை விழுந்தது. என் உலை பொங்கி ஸ்டவ் அணைந்துவிட்டிருந்தது. அன்றைக்கு எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை, சோறுகூட.

அந்தப் பாட்டில் ஒரு ஆளின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. தண்ணி லாரி ஓட்டுகிறவன். பெண்டாட்டிக்கு ஒரு முழம் பூ வாங்கினால் லாரிக்கு ரெண்டு முழம் வாங்குகிறவன். வழியில் நிற்கும் குடத்தையெல்லாம் நிரப்பிவிட்டுப் போய், காசு கட்டினவன் வீட்டு வாசலில் காலி லாரியோடு போய் நின்று திட்டு வாங்குகிறவன். யாரோ கற்பனை நாயகன் என்று நினைத்து ரசித்தேன்.

அப்புறம் ஒரு வாரம் எனக்கு அதுதான் வேலை. புது கேசட் வாங்கி, என்னிடம் இருந்ததில் அப்போது எனக்கு மிகவும் பிடித்ததை மட்டும் ஒன்றன் பின் ஒன்றாக அதில் ஏற்றினேன். ஒரு டேப்பில் ஓட, இன்னொன்றில் பதிய இரண்டு கருவி வேண்டும். பக்கத்துத் தெரு எலக்ட்ரீசியனிடம் கெஞ்சி ஒன்று வாங்கி வந்தேன். என் பழைய கேசட்டுகளை அழித்துக் கொடுத்துத்தான் அந்த எலக்ட்ரீசியனுக்குக் கைமாறு செய்தேன், அவருக்கு அவற்றில் கோயில் பாட்டு பதிய வேண்டியிருந்தது. எனக்கு வேண்டியது எல்லாம் இனி இந்த ஒன்றில் இருக்கிறதே என்ற தைரியம். எதை முதலில் வைப்பது என்பதில் ரொம்ப யோசித்தேன். போன முறை செய்த தப்பைச் செய்யக் கூடாது. முதலில் அவர்கள் ஊர்ப் பாட்டைக் கொடுப்போம், அவர்கள் குரல், அவர்கள் பேச்சு. அதில் சொக்கி உட்கார்ந்திருக்கும்போது பின்னாலேயே அந்தப் பெண்ணை விடுவோம், அப்புறம் கல்லூரிப் பையன்களை. கோழிக்கு அரிசி தூவுகிற மாதிரிதான். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை டிரைவரிடம் கேசட்டை நீட்டினேன். "மறுபடியும் பல்லு வலியா?" என்றார். "இல்லண்ணே, இது உங்க ஊர்ப் பாட்டு, கேட்டுப் பாருங்க," என்றேன். செருகினார். டோலக் ஆரம்பித்ததும் பின் சீட்டில் தலைகள் நிமிர்ந்தன. புல்புல்தாரா வந்தது. பாடுகிறவன் அந்தப் பெயரைச் சொன்னான்.

பஸ்ஸில் பேச்சு நின்றுவிட்டது. எல்லோரும் கேட்கிறார்கள் என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அப்போதுதான் பக்கத்தில் இருந்த, மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் என் தொடையை அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னாடா பண்ணிக்கினு கீற? சாவு வூட்டுப் பாட்டுடா அது. அந்தக்கா வூட்டுக்காரருக்குப் பாடினது," என்றான்.

அந்தக்கா முன்னால் ஜன்னலோரத்தில் இருந்தார். பாக்கிங்கில் வேலை. கணவர் போய், காரியம் முடிந்து, அந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். நான் அவரோடு பேசியதே இல்லை. காரியத்துக்கு முந்தின நாள் பந்தலில் ஆண்கள் கூடி, போனவரைப் பற்றிக் கேலியும் புகழுமாகப் பாட வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம் என்று பிட்டர் சொல்லிக்கொண்டே போனான். இறங்கி ஓடலாம் என்றால் பஸ் ஏரிக்கரை மேல் போய்க்கொண்டிருந்தது.

டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, மறு கையை டேப்புக்கு நீட்டினார். காலையில் வண்டியில் சாவுப் பாட்டு ஓடினால் எந்த டிரைவருக்குத்தான் ஆகும்?

"அண்ணே, நிறுத்தாதீங்க," என்றார் அந்தக்கா.

"வேணாம்மா."

"ஓடட்டும்ணே. நான் இத்தக் கேக்கவேயில்ல. என்ன உள்ரூம்ல குந்த வெச்சி, சுத்திலும் பொம்பளைங்க அழுதுகினு இருந்தாங்க. வெளிய கொட்டுச் சத்தம்தான் வந்துது. ஒரு வார்த்தை காதுல விழல."

டிரைவர் கையை எடுத்துக்கொண்டார். பாட்டு ஓடியது. அந்தக்கா தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக்கொண்டிருந்தார். முகம் எனக்குத் தெரியவில்லை, பின்னல் மட்டும்தான் தெரிந்தது. அந்தப் பூ அடி வந்தது. பெண்டாட்டிக்கு ஒரு முழம், லாரிக்கு ரெண்டு முழம். டேப்பில் பந்தல் சிரித்தது. கூடவே பஸ்ஸிலும் யாரோ சிரித்த சத்தம் கேட்டு எல்லோரும் திடுக்கிட்டோம். அந்தக்காதான் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார், அப்புறம் தோள் மட்டும் குலுங்கியது. பக்கத்தில் இருந்த பெண் அவர் முதுகில் கையை வைத்தாள். குக்கர் விசில் வந்தபோதும் யாரும் கேலி செய்யவில்லை.

பாட்டு முடிந்தது. அடுத்து என் சிற்றலைப் பெண் பாட ஆரம்பித்தாள். அவள் முதல் வரியை முடிப்பதற்குள் டிரைவர் கேசட்டை வெளியே இழுத்தார். பின்னால் திரும்பாமலே அந்தக்காவிடம் நீட்டி, "இத்த நீயே வெச்சிக்கம்மா. வண்டில இருக்க வேணாம்," என்றார்.

என் கேசட். நான் கொடுத்தது டிரைவரிடம். யாரைக் கேட்டு அவர் தானம் செய்கிறார்? எழுந்து நின்றேன். அந்தக்கா கேசட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார். நின்றவன் நின்ற வாக்கில் மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏதோ கால் மரத்துப்போனவன் போல நின்றுவிட்டு உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

அதன் பிறகு எனக்கு பஸ்ஸில் 'சாவுப்பாட்டு' என்று பெயர் வந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, ஊர் தெரியாத பையன் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் சனிக்கிழமைகளில் என் பக்கம் யாரும் கையை நீட்டவில்லை, நானும் கொடுக்கவில்லை. கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஒருநாள் வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கலாம் என்று தினமும் நினைப்பேன். கணவன் பாட்டு இருக்கிற கேசட்டை ஒரு நாளைக்குக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? அறையில் ஏரியலை மறுபடி வெளியே நீட்டி, அந்தப் பெண் வந்த இடத்தில் முள்ளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். இரைச்சல்தான் வந்தது. அவள் இல்லாத அறை என்று ஒன்று இருக்க முடியும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. பெயர் தெரியாத, முகம் தெரியாத ஒருத்திக்காக இப்படி இருப்பது கிறுக்குத்தனம் என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் தினமும் ராத்திரி முள்ளை நகர்த்திக்கொண்டேதான் இருந்தேன்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தக்கா டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தவர், என்னைப் பார்த்து நின்றார்.

"உன் பாட்டெல்லாம் கேக்கறேன் தம்பி," என்றார்.

"எந்தப் பாட்டுக்கா?"

"எல்லாந்தான். வேலை முடிஞ்சி போனா கால நீட்டிப் படுத்துகினு அவர் பாட்டப் போடுவேன். அது முடிஞ்சா எழுந்து நிறுத்தணுமில்ல? முடியாது. கையும் வராது, காலும் வராது. அது பாட்டுக்கு ஓடிக்கினே இருக்கும். பசங்க கத்திக் கத்திப் பாடுதுங்களே, அது வரைக்கும் ஓடும். மொதல்ல எரிச்சலா இருந்துது. இப்ப பழகிப்போச்சி." டிபன் பாக்ஸிலிருந்த தண்ணீரை உதறினார். "நடுவுல ஒரு பொம்பள வருது பாரு. காத்துல போயிட்டுப் போயிட்டு வருமே. அது இன்னா பாஷை?"

கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. "தெரியாதுக்கா. ரேடியோல பிடிச்சேன்."

"இன்னா சொல்லிப் பாடுது?"

"அதுவும் தெரியாது."

"ஒண்ணும் தெரியாமயா கேட்டுக்கினு இருந்த?"

"ஆமாக்கா."

அவர் டிபன் பாக்ஸை மூடினார். "எனுக்கு இன்னா தோணும்னா, அது வூட்ல தனியா கீது. பேச ஆளில்ல. அதான் பாடுது," என்றார். "எம் பொண்ணுகிட்ட சொன்னா சிரிக்கறா. ஆனா அவளும் அந்தப் பாட்டு வந்தா பேச்ச நிறுத்திடறா." பிறகு ஏதோ நினைவு வந்தவர் போல, "உன் பொருளு. வேணும்னா சொல்லு, நாளைக்கே எடுத்தாறேன்," என்றார்.

"வேண்டாம்க்கா. நீங்களே வச்சுக்கிடுங்க," என்றேன். அவர் தலையாட்டிவிட்டு பாக்கிங் பக்கம் போனார். சங்கு ஊதியது. நான் மிச்சச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டுப் போய்க் கம்பியை ஓட்டினேன். அந்தப் பெண்ணைப் பற்றி யாராவது கேட்டால் சொல்வதற்கென்று எத்தனையோ மாதமாக நான் தயாராக இருந்தேன். எந்த மாதம் பிடித்தேன், முள் எந்த இடத்தில் நின்றது, அன்றைக்கு மழை பெய்தது என்று எல்லாம் சொல்ல நினைத்திருந்தேன். அந்தக்கா அதில் எதையும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்து கை கால் கழுவிவிட்டு மாடி ஓரத்துக்குப் போனேன். இந்நேரம் மூன்றாவது தெருவில் அந்தக்கா வீட்டில் தண்ணி லாரிப் பாட்டு முடிந்திருக்கும், அவள் பாட ஆரம்பித்திருப்பாள் என்று தோன்றியது. அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு சின்ன டேப்பின் சத்தம் கேட்காது. அது தெரிந்தும், கீழ் வீட்டு அம்மா விளக்கேற்றிவிட்டு என்ன தம்பி அங்கே பார்க்கிறாய் என்று கேட்கும்வரை, காதைத் தீட்டிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன்.